கப்பல் ஏறாத தகப்பன்மார்

எங்கள் கோவில் மண்டபச் சுவரில் எழுதவிருக்கும் ஒரு பெயர்ப் பட்டியலைப் பற்றியும், அதை உருவாக்கிய நிரலின் ஒரே ஒரு வரியைப் பற்றியும் கொஞ்ச காலமாக மனத்துக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறேன். வரியைத் திருத்தியாகிவிட்டது. பட்டியலும் ஏறக்குறைய சரியாகிவிட்டது. ஆனாலும் 'முதலில் அகப்படுவதுதான் விடை' என்ற எண்ணத்தோடு எனக்குள்ள சண்டை தீரவில்லை. எக்ஸ்எம்எல் என்பது தகவலைப் பெயர் எழுதிய பெட்டிகளுக்குள் பெட்டியாக அடுக்கும் கோப்பு வடிவம்; பெட்டியை உறுப்பு என்றும், அதற்குள் இருக்கும் பெட்டியைச் சேய் என்றும், பெட்டி மேல் எழுதிய பெயரைக் குறிச்சொல் என்றும் சொல்வோம். அதில் ஒரு குறிப்பிட்ட சேய் உறுப்பைத் தேடி எடுப்பது, நிரல் எழுதப் பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே தாண்டிப் போய்விடும் சங்கதி. அதில் பேச இவ்வளவு இருக்கிறது என்பது, மொரீஷியஸில் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் கையில் பென்சிலோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் தெரிந்தது.

எபேனில் உள்ள ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, இங்கேயே தங்கிவிட்டவன் நான். கோவிலுக்குப் போனால் "கம்ப்யூட்டர் தம்பி" என்று யாராவது ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்த முறை கொடுத்தது, ஊர்க் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டியல். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய முன்னோர் யார், எந்த ஆண்டில் வந்தார், எந்தக் கரும்புத் தோட்டத்துக்குப் போனார் என்று சுவரில் எழுதி வைக்க வேண்டும். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று துறைமுகங்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பெயர், தந்தை பெயர், வயது, உயரம், ஊர் எல்லாம் பதிவேடுகளில் இருக்கின்றன. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து பல குடும்பங்கள் தங்கள் முன்னோரின் பதிவுக்கு நகல் வாங்கி வைத்திருக்கின்றன. நகல் இல்லாத வீடுகளில் பாட்டி சொன்னது இருக்கிறது, பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

இவற்றையெல்லாம் கணினியில் ஏற்ற ஒரு பல்கலைக்கழக மாணவன் உதவியிருந்தான். மேற்படிப்புக்கு வெளிநாடு போவதற்குமுன் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பையும், அதைப் படித்துப் பட்டியல் அச்சிட, பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறிய நிரலையும் விட்டுவிட்டுப் போனான். கோப்பைத் திறந்தவுடன் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. குறிச்சொற்கள் எல்லாம் தமிழில் இருந்தன. தமிழாசிரியர் ஐயா பிடிவாதம் பிடித்திருக்கிறார்: "எங்கள் முன்னோரைப் பற்றிய கோப்பில் ஆங்கிலப் பெட்டிகள் எதற்கு?" அவர் கேட்டது தொழில்நுட்பப்படியும் நியாயமே. எக்ஸ்எம்எல்லின் முதல் தரம் வெளியான 1998 முதலே உறுப்புகளின் பெயர் ஆங்கிலம் அல்லாத பல மொழி எழுத்துகளிலும் இருக்கலாம். தமிழ் எழுத்துகளும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உண்டு. இத்தனை ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருந்தும் அந்தச் சலுகையை உரிமையோடு பயன்படுத்திய ஒரு கோப்பை நான் பார்த்ததில்லை. உண்மைப் பெயர்களை விட்டுவிட்டு, பதிவின் வடிவத்தை மட்டும் காட்டுகிறேன்:

<நபர் எண்="...">
  <பெயர்>முத்து</பெயர்>
  <தந்தை>
    <பெயர்>வீராசாமி</பெயர்>
  </தந்தை>
  <தோட்டம்>...</தோட்டம்>
</நபர்>

இதில் <பெயர்> இரண்டு இடங்களில் வருவதைக் கவனியுங்கள். ஒன்று நபருக்கு நேர்ச் சேய். மற்றொன்று தந்தைக்குச் சேய். நபருக்குப் பேரப்பிள்ளை முறை. இதைப் பார்த்து முகம் சுளிக்கும் நிரலாளர்கள் உண்டு. 'தந்தை_பெயர்' என்று வேறு குறிச்சொல் வைத்திருந்தால் தொல்லையே இல்லை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மகனுக்கும் பெயர்தான், அப்பாவுக்கும் பெயர்தான். யாருடைய பெயர் என்பதை அது நிற்கும் இடம் சொல்லிவிடுகிறது. அப்படி இடத்தைக்கொண்டு பொருள் சொல்வதற்காகத்தானே இந்தக் கிளைகளும் கொப்புகளும்.

பென்சில் நின்ற இடம்

அச்சிட்ட பட்டியலை ஐயாவிடம் கொண்டுபோனேன். சரிபார்க்க அல்ல, எழுத்து அளவு போதுமா என்று கேட்க. நிரல் பிழைச் செய்தி எதுவும் தராமல் ஓடியிருந்தது. விட்டுப்போன பதிவு இல்லை. நான் மேலோட்டமாகப் பார்த்த பக்கங்களில் எல்லாமே பொருந்தியிருந்தன. ஐயா வராந்தாவில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியிலும் பென்சிலை வைத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். அவர் மனைவி கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்துவிட்டது. மூன்றாவது பக்கத்தின் நடுவில் பென்சில் நின்றது.

"தம்பி, இவர் வரவில்லையே."

யார் வரவில்லை என்றேன். பென்சில் நின்றது அவருடைய சொந்தக் குடும்பத்தின் வரியில். பட்டியலில் இருந்தது அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயர். "வந்தது மகன். இவர் ஊரிலேயே இருந்துவிட்டார். மகன் எழுதிய கடிதங்களை அங்கே யாரோ அவருக்குப் படித்துக் காட்டினார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கடலையே பார்த்திராத மனிதரை நீங்கள் கப்பலில் ஏற்றிவிட்டீர்களே!" என்று சொல்லிச் சிரித்தார். உள்ளே போய்ப் பதிவேட்டின் நகலை எடுத்து வந்தார். அதில் மகனுடைய பெயர், தந்தை என்ற இடத்தில் அப்பாவுடைய பெயர், எல்லாம் ஒழுங்காக இருந்தன. கோப்பிலும் ஒழுங்காகவே இருந்தன என்பதை அன்று இரவு பார்த்தேன். பட்டியலில் மட்டும் மகன் காணாமல் போய், அப்பா அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

பிறகு இருவரும் சேர்ந்து மற்ற வரிகளைப் பார்த்தோம். ஐயாவுக்குத் தெரிந்த குடும்பங்களில் பலவும் சரி. நடுநடுவே ஒன்றிரண்டு தவறு. தவறிய இடங்களிலெல்லாம் ஒரே மாதிரி: மகனுக்குப் பதில் தகப்பன். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது பிழையாகவே தெரியாது. இங்கே தந்தையின் பெயர் அடுத்த தலைமுறையில் குடும்பப் பெயராக உறைந்துபோவது வழக்கம். பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டலோடு அது இன்றைய அடையாள அட்டைவரை வந்திருக்கிறது. ஆகவே பட்டியலில் அப்பாவின் பெயரைப் பார்க்கும் இன்றைய வாரிசு, "ஆமாம், எங்கள் குடும்பப் பெயர்தான்" என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஐயாவின் வீட்டில் கடிதக் கதை ஒன்று தங்கியிருந்ததால் பிடிபட்டது. இல்லையென்றால், ஊரில் கிடந்து மகனை நினைத்து ஏங்கிய ஒரு தலைமுறைத் தகப்பன்மார் எங்கள் மண்டபச் சுவரில் கடல் கடந்திருப்பார்கள். கடந்து வந்த பிள்ளைகளின் பெயர் எங்கும் இருந்திராது.

'இல்லையென்றால்' என்ற ஒரு சொல்

அந்த மாணவன் எழுதிய வரியைத் தமிழில் சொன்னால் இப்படி: நபரிடம் 'பெயர்' என்ற நேர்ச் சேயைக் கேள், அது இல்லையென்றால் './/பெயர்' என்று கேட்டு, உள்ளே எந்த ஆழத்தில் இருந்தாலும் முதலில் அகப்படும் பெயரை எடு. இரண்டு கேள்விகளும் ஃபைண்ட் என்ற கட்டளையால் கேட்கப்படுகின்றன. நடுவில் 'ஆர்' என்ற சொல் நின்று இணைக்கிறது. இடப்பக்கம் பொய்யென்றால் வலப்பக்கத்தை எடுக்கும் சொல் அது. படிக்கும்போது யாருக்கும் குறை தெரியாது. அக்கறையோடு எழுதியதாகக்கூடத் தெரியும். சொந்தப் பெயர் விட்டுப்போன பதிவுக்கும் ஏதோ ஒரு பெயர் கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கிறான்.

ஆனால் ஐயா குடும்பத்துப் பதிவில் சொந்தப் பெயர் விட்டுப்போகவில்லையே. இடப்பக்கக் கேள்விக்கு விடை இருந்ததே. பிறகு ஏன் வலப்பக்கம் போனது? இங்கேதான் பைத்தானின் எலிமெண்ட்ட்ரீ தொகுப்பில் உள்ள ஒரு பழைய குணம் வேலையைக் காட்டியது. சுவீடன்காரரான ஃபிரெட்ரிக் லுண்ட் எழுதி, 2006இல் பைத்தான் 2.5 பதிப்போடு சேர்க்கப்பட்ட தொகுப்பு அது. அழகான தொகுப்பு, நான் விரும்பிப் பயன்படுத்துவது. அதில் ஒவ்வொரு உறுப்பும் தன் சேய்களின் பட்டியலைப் போல நடந்துகொள்ளும். பைத்தானில் வெற்றுப் பட்டியல் 'பொய்' என்று கணக்கு. ஆகவே சேய் இல்லாத உறுப்பும் பொய். <பெயர்>முத்து</பெயர்> என்ற உறுப்புக்குள் எழுத்து இருக்கிறது, சேய் உறுப்பு எதுவும் இல்லை. முத்து இருக்கிறார், கிடைத்தும்விட்டார். ஆனால் பிள்ளை இல்லாதவர் என்பதால் இல்லாதவர் என்று தீர்ப்பாகிவிட்டது! நிரல் முத்துவைத் தாண்டி வலப்பக்கம் போய், மறுபடி ஆழமாகத் தேடுகிறது.

அந்த ஆழத் தேடல் கோப்பில் எழுதியுள்ள வரிசைப்படி மேலிருந்து கீழாக நடக்கும். நபருக்குள் <பெயர்> முதலில் எழுதப்பட்டிருந்தால் வலப்பக்கமும் முத்துவையே கொண்டுவந்து கொடுக்கும். தவறான வழியில் போய்ச் சரியான ஆளைப் பிடித்துவிடும். <தந்தை> முதலில் எழுதப்பட்டிருந்தால் வீராசாமி வருவார். போதாக்குறைக்கு, சில பதிவுகளில் <பெயர்> உறுப்புக்குள்ளேயே <பட்டப்பெயர்> என்று ஒரு சேய் இருந்தது. அவர்களுக்கு இடப்பக்கக் கேள்வியே 'மெய்' ஆகிவிடும். தந்தை முன்னால் இருந்தாலும் தப்பிப்பார்கள். வேறு சில பதிவுகளில் <தந்தை> உறுப்புக்குள் தனியாகப் <பெயர்> வைக்காமல் நேரே எழுதியிருந்தார்கள். அவர்களும் தப்பிப்பார்கள். இத்தனை விதிவிலக்கும் சேர்ந்துதான் பிழையைக் குருட்டாம்போக்கில் நடந்ததுபோலக் காட்டியது.

பைத்தான் 3.12 முதல் இப்படி ஓர் உறுப்பை நேராக மெய், பொய் என்று சோதித்தால் எச்சரிக்கை வருகிறது. கோவில் அலுவலகக் கணினியில் இருந்தது அதற்கு முந்திய பதிப்பு. கேட்க வேண்டியது 'இது ஒன்றுமில்லை என்ற மதிப்பா, அல்லவா' என்ற நேரான கேள்வி. விடை ஒன்றுமில்லை என்றால் அந்தப் பதிவின் எண்ணை அச்சிட்டுவிட்டு நிரல் ஒதுங்க வேண்டும். யாருடைய பெயரையும் இரவல் வாங்கக் கூடாது. அச்சிடுகிற வரியில் ஒரு காலி இடம் இருந்தால் அதை நிரப்ப ஐயா இருக்கிறார், நகல் இருக்கிறது, பாட்டி இருக்கிறாள். நிரல் தானாக நிரப்பிவிட்ட இடத்தை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இது பைத்தானுக்கு மட்டும் உரிய நோய் என்று பிற மொழிக்காரர்கள் மகிழ வேண்டாம். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் குறிச்சொல்லின் பெயரைச் சொல்லி உறுப்புகளைக் கேட்கும் பழைய கட்டளை, சேய், பேரன், கொள்ளுப்பேரன் எல்லோரையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தும். அதில் பூஜ்யமாவதை, அதாவது முதலாவதை, எடுப்பது பாதிப் பேருக்குக் கைப்பழக்கம். பிஎச்பியின் சிம்பிள்எக்ஸ்எம்எல் அம்புக்குறி போட்டால் நேர்ச் சேயையே தருகிறது, அதுவரை நல்லது. ஆனால் ஒரே பெயரில் பல சேய்கள் இருந்து, நீங்கள் அதை எழுத்துத் தொடராக அச்சிட்டால், சத்தமில்லாமல் முதல் சேயை மட்டும் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எம்எல்லுக்குள் பாதை சொல்லும் எக்ஸ்பாத் மொழியை முழுமையாக அறிந்த எல்எக்ஸ்எம்எல் போன்ற தொகுப்புக்குப் போனாலும் '//பெயர்[1]' என்ற பாதையை ஆவணத்தின் முதல் பெயர் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு தாய் உறுப்புக்கும் கீழே உள்ள முதல் பெயர் என்பதே அதன் பொருள். மொத்தத்தில் முதலாவது வேண்டுமென்றால் பாதையை வளைவுக்குறிக்குள் அடைத்துவிட்டு எண்ணைப் போட வேண்டும்.

எலிமெண்ட்ட்ரீயில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதில் ஓர் உறுப்புக்குத் தன் சேய்கள் யார் என்று தெரியும், தன் தாய் உறுப்பு யார் என்று தெரியாது. முன்னோரைத் தேடுவதற்கு இப்படி ஒரு கருவி அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்! ஆழமாகத் தேடி ஒரு <பெயர்> கையில் வந்தபின் 'நீ யார் வீட்டுப் பெயர்' என்று அதனிடமே கேட்க வழியில்லை. முழு மரத்தையும் ஒருமுறை சுற்றிவந்து, சேயிலிருந்து தாய்க்கு ஓர் அகராதி கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முதலிலேயே சரியான இடத்தில் நின்று கேட்க வேண்டும்: சொந்தப் பெயருக்கு 'பெயர்', அப்பா பெயருக்கு 'தந்தை/பெயர்'. புள்ளியும் இரட்டைச் சாய்கோடும் வேண்டவே வேண்டாம்.

யார் முன்னால்?

பிழையின் காரணம் தெரிந்தபின் அடுத்த கேள்வி: சில பதிவுகளில் மட்டும் தந்தை ஏன் முன்னால்? கோப்பின் அந்தப் பகுதிகளைத் தட்டச்சு செய்தவர்கள் யார் என்று விசாரித்தேன். காப்பக நகல்களைப் பார்த்துத் தட்டியவர்கள், பதிவேட்டில் உள்ளபடி பெயரை முதலிலும் தந்தையை அடுத்தும் வைத்திருக்கிறார்கள். வீட்டு நோட்டுகளையும் வாய்மொழியையும் வைத்துத் தட்டியவர்கள் கோவிலின் மாலை வகுப்பில் தமிழ் படித்த பெண்கள். அவர்களுக்குத் தமிழில் பெயர் எழுதும் முறை தெரியும். தந்தையின் பெயருக்குரிய எழுத்து முன்னால், தன் பெயர் பின்னால். அந்த முறைப்படியே தந்தையை முதலில் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஐயா! அதைச் சொன்னபோது அவருக்குப் பெருமை தாளவில்லை. "அப்படியானால் பிழை எங்கள் பிள்ளைகள் மேல் இல்லை" என்றார். இல்லைதான்.

கோவில் செயலாளர் கணக்கர். சட்டென்று முடிவுக்கு வருகிறவர். என் விளக்கத்தை உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோலில் பாதியும் தமிழில் பாதியுமாகக் கேட்டுவிட்டு, எல்லாப் பதிவிலும் பெயரை முதலில் கொண்டுவந்துவிட்டால் நிரல் தானாகச் சரியாகிவிடுமே என்றார். கோப்பைத் திருத்திவிட்டால் போதும், நிரலைத் தொடவே வேண்டாம். அது உண்மையும்கூட. எக்ஸ்எம்எல்லில் வரிசையைக் கட்டாயமாக்கவும் முடியும். கோப்பின் அமைப்புக்கு விதி எழுதும் பழைய முறையான டிடிடியில் இரண்டு உறுப்புகளுக்கு நடுவே ஒரு காற்புள்ளி போட்டால் அதே வரிசையில்தான் வர வேண்டும். அதற்குப் பின் வந்த ஸ்கீமாவில் 'ஸீக்வென்ஸ்' என்று எழுதினால் மாறி வந்த பதிவைச் சோதனைக் கருவி ஏற்க மறுத்துவிடும். 'ஆல்' என்று எழுதினால் எந்த வரிசையிலும் வரலாம். அவர் கேட்டது முதல் வகை.

எனக்கு அது உறுத்தியது. அந்தப் பெண்கள் தட்டியது ஒழுங்கான எக்ஸ்எம்எல். அவர்கள் தமிழ்முறைப்படி எழுதியதைக் கேள்வி கேட்கத் தெரியாத ஒரு வரிக்காக மாற்றி அடுக்குவதா? அதோடு, அந்த வரிசை ஒரு தகவலும்கூட. எந்தப் பதிவு காப்பக நகலிலிருந்து வந்தது, எது வீட்டு நினைவிலிருந்து வந்தது என்பதற்குக் கோப்பில் வேறு அடையாளமே இல்லை. இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன்: "வரிசை முக்கியமில்லை. எது யாருடைய பெயர் என்பதுதான் முக்கியம்."

ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வரிசை முக்கியமில்லை என்று இந்த நாட்டில் சொல்லாதீர்கள் தம்பி."

அவர் சொன்னது ரூபாய் நோட்டைப் பற்றி. மொரீஷியஸ் நோட்டுகளில் மதிப்பு ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதப்பட்டிருக்கும். தமிழ் இந்திக்கு முன்னால் நிற்பது பழைய வழக்கம். 1998இல் வந்த புதிய நோட்டுகளில் அந்த இடம் மாறியிருந்தது. இந்தி மேலே, தமிழ் கீழே. தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஒப்பந்தக் கப்பல்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே காலத்திலேயே, புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்கள் வந்து போர்ட் லூயிஸைக் கட்டினார்கள். முன்னால் வந்தவர்களின் மொழி முன்னால் நிற்கட்டும் என்பது அவர்கள் பக்கத்து வாதம். கடைசியில் அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் புதிய நோட்டுகள் அடுத்த ஆண்டில் வந்தன. ஒரு சொல் மாறவில்லை, ஓர் எழுத்து மாறவில்லை. வரிசை ஒன்றுக்காக ஒரு நாடு தன் பணத்தையே மறுபடி அச்சிட்டது. எக்ஸ்எம்எல் தரம் வெளியான அதே 1998 என்பதை நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். கூட்டத்தில் சொன்னால் அடி விழுந்திருக்கும்.

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. வீட்டுக்கு வந்தபின் அதை விட்டு மனம் நகரவும் இல்லை. எக்ஸ்எம்எல்லும் இந்த விஷயத்தில் ஐயா பக்கமே. பண்புகளுக்குத்தான் (நபரின் குறிச்சொல்லுக்குள் நிற்கும் 'எண்' போன்றவை) அதில் வரிசை இல்லை; உறுப்புகளுக்கு உண்டு. எழுதியவர் வைத்த வரிசையைப் படிக்கும் கருவி கலைக்காமல் காப்பாற்றித் தர வேண்டும். நோட்டில் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் பார்ப்பவருக்கு ஒரு சேதி சொல்கிறது. அங்கே வரிசையே பேச்சு. எங்கள் கோப்பிலும் வரிசை பேசுகிறது, தட்டியவர் யார் என்று சொல்கிறது. நான் எதிர்ப்பது வேறொன்றை. யார் மகன், யார் தகப்பன் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அந்த வரிசையிடம் யாரும் தெரிந்து ஒப்படைக்கவில்லை. ஃபைண்ட் கேட்காமலே எடுத்துக்கொண்டது. 'முதல் பெயரைக் கொடு' என்று அந்த மாணவன் எங்கும் எழுதவில்லை. 'பெயரைக் கொடு' என்றுதான் எழுதினான். ஒன்றுக்கு மேல் இருந்தால் என்ன செய்வது என்று அவனிடம் அந்தக் கட்டளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், பணிவான குமாஸ்தாபோல முதல் காகிதத்தை எடுத்து நீட்டிவிட்டது.

அதனால் இப்போது என் நிரல்களில் ஃபைண்ட் அபூர்வம். பொருந்தும் எல்லாவற்றையும் தரும் ஃபைண்ட்ஆல் என்று கேட்டு, வந்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். ஒன்று வந்தால் சரி. எதுவும் வராவிட்டால் எண்ணோடு ஒதுக்கு. இரண்டு வந்தால் நில், மனிதரிடம் கேள். கூடுதலாக நாலு வரி ஆகிறது. அலுவலகத்தில் இளையவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இப்படி எண்ணிப் பார்த்ததில் இன்னொன்றும் அகப்பட்டது. சில பதிவுகளில் தோட்டத்தின் பெயர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, ஆனால் 'தோட்டம்' என்று கேட்டால் எதுவும் வரவில்லை. 'தோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாக உடைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். எக்ஸ்எம்எல்லுக்கு அவை வேறு வேறு பெயர்கள். பெயர்களை இசைவாக்கி ஒப்பிடும் வேலையை அந்தத் தரம் யாருக்கும் விதிக்கவில்லை. யாரோ ஒருவர் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக் கொண்டுவந்து ஒட்டிய பதிவுகள் அவை. பைத்தானில் இதற்கு ஒரு நுட்பமான ஓரவஞ்சனை உண்டு: தோட்டம் என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளும், மேற்கோள் குறிக்குள் வைத்தால் ஆக்காது. கோப்பை வாசிப்பதற்குமுன் முழு உரையையும், இப்படி உடைந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டேன். தமிழ்க் குறிச்சொல் வைக்கிற யாரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்களுக்கு இப்படி ஒரு பள்ளம் இருப்பதே தெரியாது. ஐயாவிடம் சொன்னேன். "ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் என்று நாங்கள் பிரித்துச் சொல்லிக் கொடுத்தது இயந்திரத்துக்கும் எட்டிவிட்டதா?" என்றார்.

செயலாளருடன் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பழைய பதிவுகளை யாரும் மாற்றி அடுக்க வேண்டாம். ஸ்கீமாவில் 'ஆல்' என்றே வைத்தாயிற்று. தந்தை முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். ஒவ்வொரு பதிவிலும் 'மூலம்' என்று ஒரு பண்பு சேர்த்து, காப்பகமா வீடா என்று வெளிப்படையாக எழுதச் சொல்லியிருக்கிறேன். நிரல் இப்போது ஒவ்வொரு நபரிடமும் போய் நேர்ச் சேயை மட்டும் கேட்கிறது. புதிய அச்சை எடுத்துக்கொண்டு போனபோது ஐயா நேராக மூன்றாவது பக்கத்தைத் திருப்பினார். கொள்ளுத்தாத்தா வந்துவிட்டார்.

இப்போது மிஞ்சியிருப்பது, ஃபைண்ட்ஆல் கேட்டால் இரண்டு விடை வரும் பதிவுகள். இரண்டுமே நேர்ச் சேய்கள், இரண்டும் அதே மனிதருக்குரியவை. ஒன்று பதிவேட்டில் எழுதியிருப்பது, மற்றொன்று வீட்டில் தலைமுறையாகச் சொல்லிவருவது. தட்டியவர்கள் ஒன்றை விட மனமில்லாமல் இரண்டையும் போட்டுவிட்டார்கள். ஸ்கீமாவை அந்த ஓர் உறுப்புக்கு மட்டும் தளர்த்த வேண்டியிருந்தது, 1.1 பதிப்பில்தான் 'ஆல்' அப்படித் திரும்ப வருவதை அனுமதிக்கிறது. நிரல் அந்தப் பதிவுகளின் எண்ணை அச்சிட்டுவிட்டு நின்றுவிடுகிறது. நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். சுவரில் இரண்டு பெயரையும் எழுதுவது என்று கோவில் குழு ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது. எதை முதலில் எழுதுவது என்பதற்கு இன்னொரு கூட்டம் கூட்டியிருக்கிறார்கள்.